கரையைக் கடக்கும் புள்ளியும் உங்கள் ஊர் மழையும்

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல், 5-ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. சென்னை மூழ்கியது அதற்கு முந்தைய இரண்டு நாட்களில். இரண்டு ஊர்களுக்கும் இடையே 300 கி.மீ.க்கு மேல். அடுத்த இரண்டே வாரத்தில், டிசம்பர் 17 காலை தொடங்கி 24 மணி நேரத்துக்குள், காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்போது வங்கக் கடலில் புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக் கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி இருந்தது, அவ்வளவுதான். சுழற்சிக்கெல்லாம் யாரும் பெயர் வைப்பதில்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பது. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாலும் உங்கள் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று தெரியாது. நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: சுழற்சியின் எந்தப் பக்கத்தில் நம் ஊர் இருக்கிறது, அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது, அதற்குள் வறண்ட காற்று புகுந்துவிட்டதா. ஐப்பசி முதல் மார்கழி வரை ஒவ்வொரு தாழ்வு உருவாகும்போதும் இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டுப் பழகுங்கள். அதற்கு முன் அறிக்கையைப் படிக்கத் தெரிய வேண்டும்.

அறிக்கையின் சொற்களுக்கு அளவு உண்டு

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை மேலோட்டமாகப் பார்த்தால் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இருக்கும். "ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்" என்று தினமும் சொல்கிறார்களே என்று சலித்துக்கொள்பவர்கள் அதிகம். உண்மையில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு எண் இருக்கிறது. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை. ஒருசில இடங்கள் என்றால் கால் முதல் பாதி. அநேக இடங்கள் என்றால் பாதிக்கு மேல் முக்கால் வரை. பெரும்பாலான இடங்கள் என்றால் முக்காலுக்கும் மேல். நேற்று "ஓரிரு" என்று இருந்தது இன்று "அநேக" என்று மாறியிருந்தால் மழையின் பரப்பு இரண்டு படி ஏறியிருக்கிறது என்று பொருள். அந்த மாற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

மழை அளவும் அப்படியே. 64.5 மி.மீ.க்கு மேல் 115.5 வரை கனமழை. அங்கிருந்து 204.4 வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. அதி கனமழைக்கு மேல்வரம்பு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். 21 செ.மீ.யும் அதி கனமழைதான், காயல்பட்டினத்தின் 95 செ.மீ.யும் அதி கனமழைதான். அறிக்கையில் இருவேறு நாட்களுக்கு ஒரே சொல் இருந்தாலும் வெள்ளம் ஒரே அளவில் இருக்காது.

நேரக் கணக்கு ஒன்று பலரையும் குழப்புகிறது. இந்தியாவில் மழைநாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. 4-ஆம் தேதியின் மழை என்று பட்டியலில் இருப்பது 3-ஆம் தேதி காலையிலிருந்து பெய்தது. "4-ஆம் தேதி வெயிலடித்ததே, எப்படி 20 செ.மீ. பதிவானது?" என்று சண்டை போடுபவர்களுக்கு இதுதான் விடை.

வண்ணங்களைப் பொறுத்தவரை, மஞ்சள் என்றால் அறிக்கைகளைத் தொடர்ந்து கவனி. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்கு. மாவட்டம் முழுமைக்கும் ஒரே வண்ணம்தான் என்பதால், சிவப்பு பூசிய மாவட்டத்தில் ஒரு வட்டாரம் மூழ்கி இன்னொன்று காய்ந்து கிடப்பது சகஜம். பள்ளி விடுமுறையை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மாவட்ட ஆட்சியரின் முடிவு. சாலை நிலை, தேர்வு, நிவாரண முகாம் என்று அதற்குப் பல கணக்குகள் உண்டு. வானிலை அதிகாரி ரமணன் சென்னைப் புயல் எச்சரிக்கை மைய இயக்குநராக இருந்த காலத்தில் அவர் திரையில் வந்தாலே விடுமுறை என்று பிள்ளைகள் குதித்ததில் பாவம், அவருக்கு எந்தப் பங்கும் கிடையாது.

பெயர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன

காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிர புயல் என்ற ஏணியின் படிகள் எல்லாம் காற்றின் வேகத்தை மட்டும் வைத்துக் கட்டப்பட்டவை. மையத்தைச் சுற்றி மணிக்கு 31 கி.மீ. வேகம் தொட்டால் தாழ்வு மண்டலம்; 50 தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம்; 62 தொட்டால் புயல், அப்போதுதான் பெயர். 89-இல் தீவிர புயல், 118-இல் மிகத் தீவிர புயல். இந்த ஏணியில் மழைக்கு இடமே இல்லை. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்திலும் செம்பரம்பாக்கத்திலும் அரை மீட்டரை நெருங்கிய மழைக்குப் பெயரில்லை. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையின் மரங்களைச் சாய்த்த வர்தா, ஏணியில் உயரத்தில் இருந்தது. ஆனால் சென்னை நினைவில் வைத்திருப்பது அதன் மழையை விட அதன் காற்றைத்தான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும், புயலாக மாறாது என்று ஒரு கட்டத்தில் சொல்லப்பட்டது. பிறகு 29-ஆம் தேதி புயலானது. புயலா இல்லையா என்று ஊரே பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தது. காற்றில் நான்கைந்து கிலோமீட்டர் கூடுவதும் குறைவதும் கூரை வீட்டுக்காரருக்கும் வாழைத் தோட்டக்காரருக்கும் ஓரளவு முக்கியம். தாழ்வான தெருவில் இருப்பவருக்கு அந்தப் பட்டிமன்றத்தால் எந்தப் பயனும் இல்லை.

இணையத்தில் அமெரிக்கப் புயல் மையத்தின் எண்ணைப் பார்த்துவிட்டு, "நம்மவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள்" என்று பரப்புபவர்களும் உண்டு. அமெரிக்கர்கள் ஒரு நிமிடச் சராசரி வேகத்தைச் சொல்வார்கள். இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியைச் சொல்லும். சராசரி எடுக்கும் நேரம் கூடினால் எண் குறையும். மேலும் அவர்கள் நாட் கணக்கில் தருவார்கள். ஒரு நாட் என்பது 1.85 கி.மீ.

எந்தப் பக்கம்

புவியின் நம் பாதியில் தாழ்வு மையத்தைச் சுற்றிக் காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வடக்கே இருக்கும் கரையில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். தெற்கே இருக்கும் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். வடக்குப் பக்கத்தில் கடல் ஊருக்குள் தள்ளப்படுகிறது. தெற்குப் பக்கத்தில் சில நேரம் கடல் உள்வாங்கும். காற்றுக்கும் கடல் ஏற்றத்துக்கும் இந்த விதி உறுதியானது.

இதைத் துறைமுகக் கூண்டுகளின் எண்ணிலேயே படிக்கலாம். "1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்ற செய்தியைக் கேட்டுவிட்டு, எண் பெரிதானால் ஆபத்தும் பெரிது என்று மட்டும் புரிந்துகொள்கிறோம். விஷயம் அதைவிட நுட்பமானது. 1 என்றால் தொலைவில் தாழ்வு மண்டலம். 2 என்றால் தொலைவில் புயல். 3-உம் 4-உம் துறைமுகத்துக்கு உள்ளூர் எச்சரிக்கைகள். 5, 6, 7 மூன்றும் ஒரே வலுவுள்ள புயலைக் குறிப்பவை, திசைதான் வேறு. துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் புயல் செல்லும் என்றால் 5. வலப்பக்கம் விட்டுச் செல்லும் என்றால் 6. துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. தீவிர புயலுக்கு இதே வரிசை 8, 9, 10. தகவல் தொடர்பு அற்றுப்போனால் 11.

இப்போது நாகப்பட்டினத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு நோக்கி வரும் புயலின் இடப்பக்கம் என்பது தெற்கு. ஆகவே 5 ஏறினால் புயல் நாகைக்கு வடக்கே கடக்கப் போகிறது. காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து வரும். 6 ஏறினால் புயல் வேதாரண்யம் பக்கமாகத் தெற்கே போகிறது. கடல் உங்களை நோக்கித் தள்ளப்படும். ஒரே ஒரு எண் வித்தியாசத்தில், படகை எங்கே கட்டுவது, கடலோரக் குடிசைகளை எப்போது காலி செய்வது என்பதெல்லாம் மாறிவிடுகிறது. ஆழமில்லாத பாக் நீரிணைப் பகுதியில் தள்ளப்படும் தண்ணீருக்குப் போக இடமில்லை என்பதால் அங்கே இது இன்னும் கடுமை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது கடல் ஏற்றம்.

கூண்டு இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு டச்சு அறிவியலாளர் பைஸ் பாலட் 1857-இல் சொன்ன முறை உதவும். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். தாழ்வு மையம் உங்கள் இடக்கைப் பக்கம், சற்றே முன்னால் இருக்கும். தெருவில் நின்று செய்யாதீர்கள், கட்டடங்கள் காற்றைத் திருப்பிவிடும். மொட்டை மாடியோ திறந்த வயலோ வேண்டும். காற்றும் நன்றாக வீச வேண்டும். அரை மணிக்கொரு முறை திசையைக் குறித்து வாருங்கள். வாடைக் காற்று வடகிழக்காகி, பிறகு கிழக்காகி, தென்கிழக்காகத் திரும்பினால் புயல் உங்களுக்குத் தெற்கே கடக்கிறது. வடக்கிலிருந்து வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று சுற்றினால் உங்களுக்கு வடக்கே கடக்கிறது. திசை மாறாமலேயே வேகம் மட்டும் கூடிக்கொண்டு போனால் மையம் நேராக உங்களை நோக்கி வருகிறது. திடீரென்று காற்று அடங்கினால் வெளியே கிளம்பாதீர்கள். வர்தாவின்போது அப்படி அடங்கிய பிறகுதான் எதிர்த்திசையிலிருந்து அடுத்த சுற்று வந்தது. முதல் சுற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து தாங்கி நின்ற மரம் இரண்டாவது சுற்றில் விழும்.

மழைக்கு வருவோம். மழை எந்தப் பக்கம் என்பதற்கு இப்படி உறுதியான விதி கிடையாது. மேலடுக்கில் வீசும் காற்று மேகக்கூட்டத்தை மையத்திலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். ஆகவே இன்சாட் செயற்கைக்கோள் படத்தில் மையம் எங்கே, அடர்ந்த வெள்ளை மேகம் எங்கே என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மிக்ஜாமின் மேகங்கள் மையத்துக்கு மேற்கே, அதாவது சென்னைக்கு மேலே குவிந்திருந்தன. 2024 அக்டோபரில் இதற்கு நேர்மாறு. 16-ஆம் தேதிக்குச் சென்னைக்கு ரெட் அலர்ட். மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்திவிட்டார்கள். 15-ஆம் தேதி நன்றாகப் பெய்தது. ஆனால் அடுத்த நாள் எதிர்பார்த்த மழை ஆந்திரப் பக்கம் ஒதுங்கிவிட, தாழ்வு மண்டலம் 17-ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையேறியது. கார்க்காரர்களைக் கேலி செய்தவர்கள் ஏராளம். என் பார்வையில் அவர்கள் செய்தது சரியான கணக்கு. ஒரு நாள் வீண் அலைச்சலுக்கும் ஒரு இன்ஜின் மாற்றும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எவ்வளவு மெதுவாக

வேகமாக வந்து கடந்துவிடும் புயல் காற்றால் அடிக்கும். ஊர்ந்து நகரும் தாழ்வு தண்ணீரால் அடிக்கும். மிக்ஜாம், சென்னையிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் நகர மனமில்லாமல் கிடந்தது. ஃபெஞ்சல் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பிறகும் அங்கேயே ஏறக்குறைய அசையாமல் நின்றது. மயிலத்திலும் புதுச்சேரியிலும் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி, இலங்கையைத் திரிகோணமலைப் பக்கம் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கடந்துபோகும் என்ற எதிர்பார்ப்பைப் பொய்யாக்கி, ராமநாதபுரம் அருகே கடலிலேயே நிலைகொண்டு வலுவிழந்தது. தென் மாவட்டங்கள் தயாராக இருந்தன. மூழ்கியது கடலூரும் டெல்டாவும். சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது.

புயலுக்குச் சொந்தமாக நகரும் சக்தி மிகக் குறைவு. ஆற்று நீரோட்டம் ஒரு சுழலை இழுத்துச் செல்வது போல, அதைச் சுற்றியுள்ள உயர் அழுத்தப் பகுதிகளின் காற்றோட்டம்தான் அதை இழுத்துச் செல்கிறது. வடக்கேயும் கிழக்கேயும் உள்ள இரண்டு உயர் அழுத்தங்கள் எதிரெதிராக இழுத்தால் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் அவிழும் என்று கணிப்பதும் அப்போதுதான் மிகக் கடினம்.

"கடந்த 6 மணி நேரத்தில் மணிக்கு இத்தனை கி.மீ. வேகத்தில் நகர்ந்து" என்ற வரி அறிக்கையில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். நீங்களே கணக்கிடவும் முடியும். பயிற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு: நண்பகலில் மையம் வட அட்சம் 11.8, கிழக்குத் தீர்க்கம் 81.5, மாலை 6 மணிக்கு 12.0, 81.1. ஒரு பாகை அட்சம் 111 கி.மீ., நம் அட்சத்தில் ஒரு பாகை தீர்க்கம் ஏறத்தாழ 108 கி.மீ. வடக்கே 22 கி.மீ., மேற்கே 43 கி.மீ.; இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் 48 கி.மீ. ஆறு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 8 கி.மீ. புதுச்சேரிக் கரை இன்னும் சுமார் 138 கி.மீ.; இதே வேகம் என்றால் 17 மணி நேரம். அடுத்த அறிக்கையில் இந்த 8 என்பது 5 ஆகிவிட்டால் மழை நேரம் 17 மணியிலிருந்து ஏறத்தாழ 28 மணியாகிறது. தடம் அப்படியே இருந்தாலும் உங்கள் ஊரில் விழப்போகும் தண்ணீர் அதற்கேற்பக் கூடுகிறது. மணிக்கு 7, 8 கி.மீ.க்குக் கீழே இறங்கி, மேகக்கூட்டமும் உங்கள் மேல் இருந்தால், மேட்டுக்குப் போகவேண்டியதை எல்லாம் அப்போதே மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

வறண்ட காற்று

புயலைக் கொல்வது பெரும்பாலும் நிலம்தான். ஆனால் மார்கழி நெருங்கும்போது வங்கக் கடலில் இன்னொரு கொலையாளி உலவுகிறான். வட இந்தியாவின் குளிர்ந்த, வறண்ட காற்று மத்திய இந்தியாவைத் தாண்டிக் கடலில் இறங்கி, சுழற்சியின் மேற்குப் பக்கத்தைக் கடித்துத் தின்னும். 2013 டிசம்பரில் மாடி புயல் மிகத் தீவிர நிலைக்கு வளர்ந்து வடக்கே போனது. பிறகு வலுவிழந்து, திரும்பித் தென்மேற்காக வந்து, வேதாரண்யம் அருகே கரையேறும்போது வெறும் தாழ்வு மண்டலம்.

செயற்கைக்கோளின் நீராவிப் படத்தில் இந்த வறட்சி கருமையாகவோ பழுப்பாகவோ தெரியும். அந்தக் கறுப்பு நாக்கு மையத்தைச் சுற்றி உள்ளே நுழைகிறது என்றால் பெரிய மழை எச்சரிக்கையையும் ஓரளவு தள்ளுபடி செய்து வாசிக்கலாம். படம் இல்லாதவர்களுக்கு: அதிகாலையில் வானம் தெளிந்து, பனி விழுந்து, உதடு வெடிக்கிற வாடை வீசினால் வறண்ட காற்று ஊரை எட்டிவிட்டது. நவம்பர் முதல் பாதியில் இந்தத் தள்ளுபடியைத் தராதீர்கள். அப்போது கடலில் சூடும் ஈரமும் போதுமான அளவு இருக்கும்.

மாடல்கள் என்ன சொல்கின்றன, எப்போது நம்பலாம்

கைப்பேசியில் விண்டி போன்ற செயலியைத் திறந்தால் வரும் வண்ணப்படம் பெரும்பாலும் ஐரோப்பிய வானிலைக் கணினி மாடலின் கணிப்பு. அமெரிக்க ஜி.எஃப்.எஸ்., ஜெர்மானிய ஐகான், நம் நாட்டு மாடல்கள் என்று இன்னும் பல உண்டு. ஜி.எஃப்.எஸ். நாளுக்கு நான்கு முறை ஓடும்: நம் நேரப்படி காலை 5.30, 11.30, மாலை 5.30, இரவு 11.30 மணி நிலவரத்தை உள்வாங்கிக்கொண்டு. முடிவு வெளிவர அதற்கு மேல் சில மணி நேரம் ஆகும். ஆகவே காலை ஏழு மணிக்கு நீங்கள் பார்ப்பது முந்தைய இரவின் கணிப்பு.

ஒரு மாடலின் ஒரே ஓட்டத்தில் பத்தாம் நாளுக்கு ஒரு பெரிய ஊதா வட்டம் தெரிந்தால் அதைப் படம்பிடித்துக் குடும்பக் குழுவில் போடுவது ஒரு நோயாகவே பரவியிருக்கிறது. பத்து நாளுக்கு முந்தைய படம் "அந்த வாரத்தில் கடலில் ஏதோ உருவாகலாம்" என்பதைத் தாண்டி எதுவும் சொல்லாது. ஒரு வாரத்துக்குள் வரும்போது, அடுத்தடுத்த ஓட்டங்கள் ஒன்றையே சொல்கின்றனவா, வெவ்வேறு மாடல்கள் நெருங்கி வருகின்றனவா என்று பாருங்கள். ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி 51 கணிப்புகளை ஓட்டுகிறது. அந்த 51 கோடுகளும் ஒரே கற்றையாக வந்தால் நம்பிக்கை கூடுகிறது. இலங்கைக்குத் தெற்கே சிலவும் ஒடிசாவுக்குச் சிலவும் விரிந்தால் இன்னும் இரண்டு நாள் காத்திருங்கள். அதற்குள் யார் உறுதியாகப் பேசினாலும் நம்பாதீர்கள்.

இந்திய வானிலைத் துறையின் தடக் கணிப்பில் சராசரிப் பிழை, 24 மணி நேரத்துக்கு முன்னால் ஏறத்தாழ 70, 80 கி.மீ.; 48 மணிக்கு 110 அளவில்; 72 மணிக்கு 150 அளவில். உலகத் தரத்தில் இது நல்ல எண். ஆனால் 80 கி.மீ. என்பது கிட்டத்தட்ட புதுச்சேரிக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட தூரம். வரைபடத்தில் தடத்தைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் கூம்பு இந்தப் பிழையைக் காட்டத்தான் வரையப்படுகிறது. நடுக்கோட்டை மட்டும் பார்த்து "நம் ஊர் தப்பித்தது" என்று படுக்கப் போகாதீர்கள். கூம்புக்குள் இருந்தால் நீங்கள் தப்பிக்கவில்லை. கூம்பு மையத்தின் பாதைக்கு மட்டுமே, மழைக்கு அல்ல என்பதும் மிக்ஜாம் சொன்ன பாடம்.

கடைசி ஆறு மணி நேரம்: ரேடார்

2021 டிசம்பர் 30 பிற்பகலில், பெரிய எச்சரிக்கை ஏதும் இல்லாத நிலையில், சில மணி நேரத்தில் சென்னைச் சாலைகள் மூழ்கின. மாடல்கள் கோட்டைவிட்ட அன்று துணைக்கு இருந்தது ரேடார் ஒன்றுதான். சென்னை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ரேடார்களின் படங்கள் வானிலைத் துறை இணையதளத்தில் யாருக்கும் திறந்தே இருக்கின்றன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்படம் வரும்.

படத்தின் ஓரத்தில் உள்ள எண் அளவை டி.பி.இசட். 30 என்றால் தூறலுக்குக் கொஞ்சம் மேல். 40 என்றால் மணிக்கு ஒரு செ.மீ.யைத் தாண்டும், 50 என்றால் மணிக்கு ஐந்து செ.மீ. அளவில். அளவு சமமாகத்தான் ஏறுகிறது; மழை பல மடங்காக ஏறுகிறது. அரை மணி இடைவெளியில் இரண்டு படங்களை எடுத்து, மேகப்பட்டையின் முன்விளிம்பு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று படத்தில் உள்ள தூர வளையங்களை வைத்து அளந்தால், உங்கள் ஊருக்கு அது எப்போது வரும் என்று தெரிந்துவிடும். மிக ஆபத்தான படம் எது தெரியுமா? சிவப்புப் புள்ளிகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஊரின் மேல் ஏறி வருவது. தனித்தனியே ஒவ்வொன்றும் இருபது நிமிட மழைதான். வரிசை நிற்காவிட்டால் ஒரே இரவில் 20 செ.மீ. சேரும்.

கடலோர ஊர்களுக்கு நள்ளிரவு முதல் விடியல் வரை கூடுதல் கவனம் வேண்டும். இரவில் நிலம் குளிர்ந்து, நிலக்காற்று கடலை நோக்கி இறங்கும். அது எதிரே வரும் வடகிழக்குக் காற்றோடு கரைக்கு அருகில் மோதிக் குவியும்போது மேகங்கள் எழும்பும். மாலையில் தெளிந்த வானத்தைப் பார்த்துவிட்டு, காரை சுரங்கப் பாதையருகே நிறுத்திவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைக்கலாம். உள் மாவட்டங்களில் நேரம் வேறு; அங்கே பிற்பகலும் மாலையும்தான்.

வீட்டில் இரண்டு கருவிகள்

மழைமானியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, தட்டையான அடிப்பாகம் கொண்ட எந்தப் பாத்திரமும் போதும். மரமும் சுவரும் இல்லாத இடத்தில் வைத்து, காலை 8.30-க்கு அளவுகோலை விட்டுப் பாருங்கள். ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. பெய்தால் நான்கு லட்சம் லிட்டர். வடிகால் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுக்கும்போது இந்த எண் பேசும்.

இன்னொன்று காற்றழுத்தமானி. விலை உயர்ந்த கைப்பேசிகள் சிலவற்றில் உள்ளேயே இருக்கிறது. இதில் ஒரு சூட்சுமம்: நம் பகுதியில் அழுத்தம் தினமும் தானாகவே ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 அளவில் உச்சம்; அதிகாலை 4, மாலை 4 அளவில் தாழ்வு. இந்த ஆட்டமே மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வரை போகும். காலையிலிருந்து மாலைக்குள் இறங்கியதைப் பார்த்துப் புயல் வந்துவிட்டது என்று அலறக் கூடாது. நேற்று இதே நேரம் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். ஒரே நேரத்து அளவு நேற்றைவிட மூன்று நான்கு குறைந்து, அடுத்த சில மணியிலும் வழக்கமான ஏற்றம் வராமல் கீழேயே போனால் தாழ்வு உங்களை நெருங்குகிறது.

முடிவெடுக்கும் நேரம்

எல்லாருக்கும் ஒரே எச்சரிக்கை நேரம் போதாது. புயல் எச்சரிக்கை நான்கு கட்டங்களில் வருகிறது: சுமார் 72 மணி நேரம் முன்னால் முதல் கண்காணிப்புச் செய்தி, 48 மணி முன்னால் உஷார் அறிவிப்பு, 24 மணி முன்னால் எச்சரிக்கை, கரையேறுவதற்கு 12 மணி முன்னால் அதற்குப் பிந்தைய நிலை பற்றிய அறிவிப்பு. அறுத்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் குவித்து வைத்திருப்பவருக்கு 48 மணி போதும். தார்ப்பாய் வாங்கி, அடியில் கட்டை போட்டு, மேட்டுப் பக்கம் மாற்றிவிடலாம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதால் தூறலும் அவருக்கு நட்டம்தான். நின்று கொண்டிருக்கும் வாழைக்கு முட்டுக் கொடுப்பவருக்கு 72 மணி வேண்டும், ஆள் கிடைக்க வேண்டுமே.

ஆழ்கடலுக்குப் பத்து நாள் போகும் படகுக்கு இவற்றில் எதுவுமே போதாது. 2017-இல் ஒக்கி, நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலம். 30 காலை குமரிக் கடலில் புயல். கரையில் அறிவிப்பு ஒட்டப்பட்டபோது படகுகள் ஏற்கெனவே நெடுந்தொலைவில் இருந்தன. கடலில் போன உயிர்கள் ஏராளம். ஐப்பசி, கார்த்திகையில் நெடும்பயணம் கிளம்புமுன் அறிக்கையில் தாழ்வுப் பகுதியைத் தேடினால் மட்டும் போதாது. தென்கிழக்கு வங்கக் கடலிலோ இலங்கைக்குத் தெற்கிலோ "வளிமண்டலச் சுழற்சி" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், கரையோடு பேசும் கருவி வேலை செய்யாத படகில் கிளம்பாதீர்கள். குமரிக் கடலில் சுழற்சி புயலாக ஒரே நாள் போதும்.

கரையைக் கடந்த பிறகு தொலைக்காட்சி வேறு செய்திக்குப் போய்விடும். ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. ஃபெஞ்சலின் மிச்சம் உள்நாட்டுக்குள் நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது, திருவண்ணாமலையில் மண் சரிந்தது, டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. விழுப்புரத்திலும் கடலூரிலும் மழை குறைந்த பிறகு வெள்ளம் வந்தது. ஆகவே உங்கள் ஊர் எந்த ஆற்றின் கரையில் இருக்கிறதோ, அந்த ஆற்றின் மேல்பகுதி மாவட்டங்களின் மழைப் பட்டியலை, காலை 8.30 அளவு வெளியானதும், உங்கள் ஊரின் அளவுக்கு முன்னதாகப் பாருங்கள். அதோடு அணையின் நீர்வரத்து, திறப்பு அளவு இரண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வானம் வெளுத்த பிறகும் குறைந்தது இரண்டு நாள் இதை நிறுத்த வேண்டாம்.